அத்தைக்கு என்ன குறை

பிப்ரவரி 3, திங்கள்

அத்தை இன்றைக்கும் சாகவில்லை.

இப்படி எழுதுவது தப்புதான். ஆனால் காலையிலிருந்து வருகிறவர்கள் எல்லாரும் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு வந்து, "எப்படி இருக்காக?" என்று கேட்கிறார்கள். நான் "இருக்காக" என்கிறேன். கொஞ்சம் ஏமாந்த மாதிரி காப்பியைக் குடித்துவிட்டுப் போகிறார்கள். வாங்கி வைத்த பால் பூராவும் அதிலேயே தீர்ந்தது.

ஜவுளிக்கடையில் கொடுத்த இந்த டைரியை ஒரு மாதமாகச் சும்மா போட்டு வைத்திருந்தேன். இன்றைக்குத்தான் தொடங்குகிறேன், அதனால் ஆட்களைச் சொல்லிவிடுகிறேன். அத்தை என்றால் என் வீட்டுக்காரரின் அம்மா, வெயிலுகந்தம்மாள். வயது தொண்ணூற்று மூன்று என்று ஆதார் அட்டை சொல்கிறது. அட்டைக்கு என்ன தெரியும் என்று அத்தை சொல்கிறார். வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்து நாலு வருஷம் ஆகிறது. அதிலிருந்து இந்தக் கோவில்பட்டி வீட்டில் அத்தையும் நானும் மட்டும்தான். நான் செண்பகவல்லி, பள்ளிக்கூடத்தில் சத்துணவு அமைப்பாளராக இருந்து ரிட்டையர் ஆனவள். அத்தனை பிள்ளைகள் என் சமையலைச் சாப்பிட்டு ஒன்றுகூடக் குறை சொன்னதில்லை. இந்த ஒரு ஆள் சொல்லாத நாள் இல்லை.

வெள்ளிக்கிழமை காய்ச்சல் வந்தது. சளி கட்டி சனிக்கிழமை பேச்சு நின்றது. டாக்டர் வீட்டுக்கே வந்து பார்த்துவிட்டு, "சொல்ல வேண்டியவங்களுக்குச் சொல்லிருங்க" என்றார். சொன்னேன். திருப்பூரிலிருந்து கொழுந்தன் கதிரேசனும் மதுரையிலிருந்து நாத்தனார் வேலுத்தாயும் வந்து இறங்கிவிட்டார்கள். கதிரேசன் தம்பி வரும்போதே வெள்ளை வேட்டி இரண்டு எடுத்து வந்திருக்கிறார். முன்யோசனைக்காரர்.

பிப்ரவரி 4, செவ்வாய்

எதிர்வீட்டு அழகம்மை அக்கா இன்றைக்குப் பொறுப்பை எடுத்துக்கொண்டார். இந்தத் தெருவில் யாருக்கு மூச்சு இழுத்தாலும் அக்காதான் வந்து முறை சொல்வார். அத்தையின் உள்ளங்காலைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "உசுரு எதுலயோ மாட்டிக்கிட்டு நிக்கி. பால ஊத்துங்க, போயிரும்" என்றார்.

முதலில் கதிரேசன் தம்பி. வாய்க்குப் பதில் கன்னத்தில் ஊற்றினார். வேலுத்தாய் கரண்டியை எடுக்கும்போதே அழ ஆரம்பித்துவிட்டாள், பாதிப்பால் தலையணைக்குப் போனது. கடைசியில் நான். தலையைக் கொஞ்சம் தூக்கி, இடது கடைவாய்ப் பக்கமாக ஊற்றினேன். வலது பக்கம் ஊற்றினால் அத்தைக்குப் புரையேறும். நன்றாக விழுங்கினார். கண்ணைத் திறந்தார்.

"சீனி போடலையாளா?" என்றார்.

சனிக்கிழமைக்குப் பிறகு பேசிய முதல் பேச்சு. வேலுத்தாயின் அழுகை பாதியில் நின்றுவிட்டது. "போறதுக்கு முன்னால இப்படித்தான் தெளிவாப் பேசுவாக" என்று அழகம்மை அக்கா மட்டும் விட்டுக்கொடுக்காமல் சொன்னார். நான் போய்ச் சீனி போட்டுக் கொண்டுவந்தேன். அரை டம்ளர் குடித்தார்.

பிப்ரவரி 5, புதன்

பாலில் போகாத உயிர் மண்ணில் போகுமாம். சொந்த நிலத்து மண்ணைத் தண்ணீரில் கரைத்து வாயில் விட்டால் நிலத்து ஆசை விட்டுவிடும் என்பது அக்கா சொன்ன முறை. அத்தை அந்தக் காட்டில் முப்பது நாற்பது வருஷம் பருத்தி எடுத்தவர். அதை விற்றே வெகுகாலம் ஆகிறது. இருந்தாலும் கதிரேசன் தம்பி காரை எடுத்துக்கொண்டு போய், ஒரு பாலிதீன் பையில் மண்ணோடு வந்தார். அக்கா கரைத்து, துணியில் வடிகட்டி, ஒரு கரண்டி விட்டார்.

அத்தை நாக்கில் வைத்துப் பார்த்தார். முகம் சுருங்கியது. அப்படியே தம்பியின் வெள்ளை வேட்டியில் துப்பினார்.

"இது யாரு மண்ணுடா?"

"நம்ம காட்டு மண்ணுதான் எம்மா."

"நம்ம காடு கரிசக்காடு. இது செவலு. எவன் காட்டு மண்ணடா எடுத்து என் வாயில ஊத்துத?"

தம்பி தலையைச் சொறிந்தார். நிலத்தில் இப்போது கல்யாண மண்டபம் நிற்கிறதாம். சுற்றிலும் சிமெண்டு. வாசலில் ரோட்டு வேலைக்குக் கொட்டியிருந்த குவியலில் ஒரு கை அள்ளிக்கொண்டு வந்திருக்கிறார். "எல்லாம் மண்ணுதான மதினி" என்று என்னைப் பார்த்துச் சொன்னார். கரிசலில் பிறந்த ஆள் பேசுகிற பேச்சா இது. திருப்பூருக்குப் போய் பனியன் தைத்தால் மண்ணின் நிறம்கூட மறந்துபோகும் போல.

படுத்துக்கொண்டு திட்டினால் சரியாக வரவில்லை என்று அத்தை முதுகுக்குத் தலையணை கேட்டார். வைத்தேன். சாயங்காலம்வரை விட்டுவிட்டுத் திட்டினார். வேர்த்துக் காய்ச்சல் இறங்கிவிட்டது. டாக்டர் வந்து நெஞ்சில் குழாயை வைத்துப் பார்த்துவிட்டு, "என்னம்மா குடுத்தீங்க?" என்று என்னைக் கேட்டார். என்னவென்று சொல்வது.

பிப்ரவரி 7, வெள்ளி

அழகம்மை அக்கா இன்னும் தளரவில்லை. மனசில் ஏதோ குறை இருக்கிறது, கேட்டுத் தீர்த்துவிட வேண்டும் என்று நேற்றுச் சொன்னார். அக்காவும் தம்பியும் வேலுத்தாயும் கட்டிலைச் சுற்றி நின்று, "உனக்கு என்னம்மா குறை, சொல்லு" என்று கேட்டார்கள். அத்தைக்கு இது ரொம்பப் பிடித்துவிட்டது.

நேற்று நெஞ்செலும்பு சூப் கேட்டார். குடித்தார். இன்று காலையில் கருப்பட்டி போட்ட உளுந்தங்களி. மத்தியானம் நெத்திலிக் கருவாட்டுக் குழம்பு. அதிலும் நெத்திலி சிறிசாக இருக்க வேண்டுமாம். தம்பி கருவாட்டுக்காக மூன்று கடை ஏறி இறங்கினார். ஒவ்வொரு குறையும் தீரத் தீர அத்தையின் கன்னத்தில் சதை வைக்கிறது.

சாப்பிட்ட பிறகு அடுக்களையில் வேலுத்தாய் ஒன்று சொன்னாள். "எங்கம்மாவா இது, மதினி? ஒரு நாளும் வாயத் தொறந்து இது வேணும்னு கேட்டதில்லையே. தட்டுல என்ன கெடக்குன்னு பாக்காமத் தின்னுட்டு காட்டுக்கு ஓடுத ஆளு."

அப்படியானால் நாக்கு என்னிடம் மட்டும்தான் நீண்டிருக்கிறது. எப்போது ஆரம்பித்தது என்று எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. வீட்டுக்காரர் போன மாதம். நான் அடுப்புப் பக்கமே போகாமல் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். பக்கத்து வீட்டில் கொடுத்தால் அத்தைக்கு வைப்பேன், எனக்கு இறங்காது. ஒருநாள் திடீரென்று, "ஏளா செம்பகம், சுண்டவத்தல் கொழம்பு வய்யி" என்றார். பெற்ற பிள்ளை போன வீட்டில் குழம்பு கேட்கிறதா என்று திட்டிக்கொண்டேதான் எழுந்து வைத்தேன். ஒரு வாய் தின்றுவிட்டு, "உப்பே இல்ல, நீயே தின்னு பாரு" என்றார். தின்று பார்த்தேன். உப்பு சரியாகத்தான் இருந்தது. மறுநாள் புளி போதாது என்றார். அதையும் தின்று பார்த்தேன். அன்றிலிருந்து இன்றுவரை தினம் ஒரு குறை, தினம் நான் தின்று பார்த்து நிரூபிக்க வேண்டும். மாமியார் புத்தி சிலருக்குத் தொண்ணூறில்தான் வரும் போலிருக்கிறது.

பிப்ரவரி 9, ஞாயிறு

அத்தை எழுந்து உட்கார்ந்து டிவி பார்க்கிறார். அழகம்மை அக்கா கோபித்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டார்.

கதிரேசன் தம்பி காப்பி குடிக்கும்போது மெதுவாக ஆரம்பித்தார். அம்மாவைத் திருப்பூருக்குக் கூட்டிக்கொண்டு போகிறாராம். இந்தத் தடவை தப்பித்தாயிற்று, அடுத்த தடவை எப்படியோ. பிள்ளை வீட்டில்தான் உயிர் போக வேண்டும், கொள்ளி வைக்கிறவன் வீட்டிலிருந்துதான் எடுக்க வேண்டும், அதுதான் முறை.

"உங்களயும் எத்தன நாளைக்குக் கஷ்டப்படுத்துறது, மதினி. அண்ணன் இருந்தாச் சரி."

நியாயமான பேச்சு. தாராளமாகக் கூட்டிக்கொண்டு போங்கள் தம்பி என்று சொல்லிவிட்டேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை நாள் நன்றாக இருக்கிறதாம்.

நல்லதுதான். காலையில் ஏழு மணிவரை தூங்கலாம். டிவியை எனக்குக் கேட்கிற அளவுக்கு வைத்தால் போதும். ஓசூரில் மகள் வா வா என்று கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறாள், போய் ஒரு மாதம் இருந்துவிட்டு வரலாம். குழம்பு வைத்தால் வைத்தது, இல்லையென்றால் மோர். இடுப்பு வலிக்குத் தைலம் தேய்த்துக்கொள்ளலாம். எவ்வளவோ செய்யலாம்.

அத்தையின் சேலைகளை எடுத்து மடித்தேன். சரியாக வரவில்லை. பிரித்து மறுபடி மடித்தேன்.

பிப்ரவரி 11, செவ்வாய்

அத்தைக்குத் தலைக்கு ஊற்றினேன். தண்ணீர் சூடு போதாது என்றார். இடுப்பு வலி. வேறு விசேஷம் இல்லை.

பிப்ரவரி 13, வியாழன்

தம்பிக்குப் பாடம் எடுத்தேன். மாத்திரையை வாழைப்பழத்துக்குள் வைத்துக் கொடுக்க வேண்டும். உள்ளே இருப்பது அத்தைக்குத் தெரியும், ஆனால் தெரியாத மாதிரி நாமும் இருக்க வேண்டும். வலது காதில் பேசினால் கேட்காது, ஆனால் பேசக்கூடாததைப் பேசினால் இரண்டு காதும் கேட்கும். இட்லியை மோரில் பிசைய வேண்டும். சாயங்காலம் வாசலில் நாற்காலி போட்டு உட்கார வைக்க வேண்டும், தெருவில் போகிற நாலு பேரைக் குறை சொன்னால்தான் ராத்திரி தூக்கம் வரும்.

கட்டிலிலிருந்து தூக்குவதுதான் கஷ்டமான பாடம். கக்கத்தில் கை கொடுத்து இழுக்கக்கூடாது. நாம் குனிந்து நிற்க வேண்டும், அத்தை நம் கழுத்தைக் கட்டிக்கொள்வார், "ம்" என்பார், அப்போது நிமிர வேண்டும். தம்பி "ம்" சொல்வதற்கு முன்பே நிமிர்ந்தார். அத்தை பாதி வழியில் தொங்கினார். "சாக்கு மூட்டையாடா நானு?" என்று தலையில் குட்டு விழுந்தது. அறுபது வயதில் அம்மாவிடம் குட்டு வாங்கிய ஆளைப் பார்க்கச் சிரிப்பாக இருந்தது.

ஆனால் தம்பி சிரிக்கவில்லை. பின்வாசலில் தனியாக நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். "கம்பெனி கம்பெனின்னு அம்மாவ ஒருநாள் தூக்கி உக்கார வச்சதில்ல. ஊர்ல என்னயத்தான் பேசுவாக மதினி, பிள்ள இருக்கும்போது அண்ணன் பொண்டாட்டி வீட்டுல போட்டுட்டான்னு. எனக்கும் ஆச இருக்காதா?"

பாவமாக இருந்தது. அவர் கேட்பது அவருடைய பாத்தியதை. அதைக் கொடுக்க மாட்டேன் என்று சொல்ல நான் யார், வீட்டுக்காரர் போன பிறகு இந்த வீட்டில் எனக்கும் அத்தைக்கும் நடுவில் என்ன சொந்தம். வயிறு எரிகிறது. யார்மேல் என்று தெரியாமல் எரிகிறது.

பிப்ரவரி 15, சனி

பையெல்லாம் கட்டியாயிற்று. அத்தை போகிறேன் என்றும் சொல்லவில்லை, போகமாட்டேன் என்றும் சொல்லவில்லை. இட்லிக்கு மோர் புளிக்கிறது என்று மட்டும் சொன்னார்.

எனக்குப் பொறுக்கவில்லை. தலை சீவிவிடும்போது கேட்டேன்.

"போறீகளா அத்தே?"

"நீ போகச் சொல்லுதியா?"

"நான் யாரு சொல்ல? உங்க பிள்ள கூப்பிடுதாரு."

"ம்" என்றார். அவ்வளவுதான். முடியை இழுத்து முடிந்தேன், வலிக்கட்டும் என்று.

இத்தனை வருஷம் கழுவித் துடைத்ததற்கு, போய்வருகிறேன் செம்பகம் என்று ஒரு சொல் கிடையாதா. பாத்திரம் கழுவும்போது அழுதேன். நன்றாகவே அழுதேன். யார் படிக்கப்போகிறார்கள், எழுதி வைக்கிறேன். எனக்கு அத்தை போகக்கூடாது.

பிப்ரவரி 16, ஞாயிறு

காலையில் காரில் பைகளை ஏற்றியாயிற்று. எமகண்டத்துக்கு முன்னால் கிளம்ப வேண்டும் என்று தம்பி அவசரப்பட்டார். பின்சீட்டில் மெத்தை விரித்து, ஜன்னலுக்குத் துண்டு கட்டி, எல்லாம் நன்றாகத்தான் செய்திருந்தார். அழகம்மை அக்காவும் கோபத்தை மறந்து வழியனுப்ப வந்துவிட்டார். அக்கம்பக்கத்தில் ஏழெட்டுப் பேர் வாசலில்.

நான் குனிந்தேன். அத்தை என் கழுத்தைக் கட்டிக்கொண்டார். "ம்" சொல்வார் என்று காத்திருந்தேன். சொல்லவில்லை.

"கதிரேசா, நான் எதுக்கு திருப்பூருக்கு வரணும்?" என்று என் தோளுக்கு மேலாகக் கேட்டார்.

தம்பி திருதிருவென்று விழித்தார். உயிர் போவதற்கு என்று பெற்றவளிடம் எப்படிச் சொல்வது. அழகம்மை அக்காதான் சொன்னார். "கொள்ளி வைக்கிறவன் வீட்டுலருந்து போறதுதான மொற, சின்னம்மா. ஒங்களுக்குத் தெரியாததா."

"தெரியும். அதான் கேக்கேன். செம்பகம் வப்பாளே கொள்ளி. அவ இங்கனதான இருக்கா."

நிமிர்வதா குனிவதா என்று தெரியவில்லை. கழுத்தில் அத்தை வேறு. மெதுவாகக் கட்டிலில் உட்கார வைத்தேன்.

"பொம்பளைய எப்படி சின்னம்மா சுடுகாட்டுக்கு..." என்று அக்கா இழுத்தார்.

"மூத்தவன் இருந்தா அவன் வப்பான். அவன் இல்ல. அவன் எடத்துல நாலு வருசமா என்னயக் கழுவி விடுதவ இவ. சாணி சகதி எல்லாம் இவளுக்கு, கொள்ளி மட்டும் ஆம்பளைக்கா?" அத்தைக்கு மூச்சு வாங்கியது. நிறுத்திக்கொண்டு மறுபடி சொன்னார். "மொறன்னா மொறையாத்தான் இருக்கணும். கொள்ளி வைக்கிறவ வீட்டுலதான் நான் இருக்கேன். பைய எறக்கு."

தம்பி அப்படியே தரையில் உட்கார்ந்து, அம்மாவின் முழங்காலில் முகத்தை வைத்துக்கொண்டார். "அப்ப நான் ஒன் பிள்ள இல்லையா எம்மா?"

அத்தை அவர் தலையைத் தடவினார். மை பூசிய தலை, நன்றாகப் பளபளவென்று இருக்கும். "நீயும் பிள்ளதான். பாடைக்கு மொதத் தோளு நீதான் குடுக்கணும். மொட்ட போட்டுக்கிடணும், அதுல ஏமாத்தக்கூடாது. அதுக்கு முன்னால மாசம் ஒருக்கா வா. வந்து என்னயத் தூக்கப் பழகு."

தம்பி அழுகையோடு சிரித்துவிட்டார். வேலுத்தாயும் சிரித்தாள். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

"அத்தே, எனக்கு சுடுகாட்டுப் பக்கம் போனாலே கை காலு உதறும். என்னால ஆகாது."

"ஆகும். சரின்னு ஒரு வார்த்த சொல்லு."

"மாட்டேன் அத்தே."

"நீ சரின்னு சொன்னாத்தான் எனக்கு நிம்மதி. நீ சொல்லுத வரைக்கும் இந்த உசுரு போகாது, பாத்துக்க."

அழகம்மை அக்கா கன்னத்தில் கை வைத்துக்கொண்டார். "இதான் குறையா, இதுக்கா இத்தன பாடு. சொல்லிரு செம்பகம், பெரிய உசுரு, கெடந்து தவிக்கக்கூடாது" என்றார். தம்பி, "சொல்லிருங்க மதினி, எனக்கு வருத்தமில்ல" என்றார். வேலுத்தாய் என் கையைப் பிடித்தாள். வாசலில் நின்ற ஏழெட்டுப் பேரும் என் வாயையே பார்த்தார்கள். அத்தையும் பார்த்தார்.

அடுப்பில் பால் இருக்கிறது என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டேன். அடுப்பில் ஒன்றும் இல்லை.

பிப்ரவரி 18, செவ்வாய்

தம்பியும் வேலுத்தாயும் நேற்றுக் கிளம்பிவிட்டார்கள். வீடு பழையபடி ஆகிவிட்டது.

காலையில் முகம் துடைத்துவிடும்போது அத்தை கேட்டார். "என்னளா, சரிதான?"

"யோசிக்கணும் அத்தே."

"இதுல என்ன யோசன?"

"சின்ன விசயமா? நாலையும் பாக்கணும்ல. பங்குனி கழியட்டும், சொல்லுதேன்."

மத்தியானம் தம்பி போனில் கேட்டார், அம்மாவிடம் சொல்லியாயிற்றா என்று. இல்லை என்றேன். "பாவம் மதினி, அம்மா அதுக்காகத்தான் உசுர வச்சுக்கிட்டு இருக்கு" என்றார். தெரியும் தம்பி என்றேன்.

சாயங்காலம் வாசலில் நாற்காலியில் உட்கார்ந்தபடி அத்தை மறுபடி கேட்டார். இந்தத் தடவை என் முகத்தை ரொம்ப நேரம் உற்றுப் பார்த்தார். நான் பக்கத்தில் உட்கார்ந்து தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"பங்குனி கழிஞ்சா சித்திர வரும்ளா" என்றார்.

"சித்திரையில வெயிலு அத்தே. அப்ப எனக்கு ஒண்ணும் ஓடாது."

"அப்ப எப்பத்தான் சொல்லுவ?"

"கேட்டுக்கிட்டே இருங்க. சொல்லுதேன்."

சின்ன வார்த்தைதான். வாய் வரைக்கும் வந்து நிற்கிறது. நான் சொல்லமாட்டேன்.